கடற்கரை எல்லோருக்கும்தானே?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. "பீச்சுக்குப் போகலாமா?" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்து வைத்தால் போதும். குழந்தைகள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடும். நாம் ஃப்ளாஸ்க்கில் காபியை ஊற்றி, சுண்டலை டப்பாவில் அடைத்து, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த நேரம் பார்த்து ஒரு குரல் கேட்கும்: "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

அது மூட்டுவலியால் நாலடி நடக்க முடியாத மாமியாராக இருக்கலாம். இளம்பிள்ளை வாதம் வந்து காலிப்பர் போட்டு நடக்கும் நாத்தனாராக இருக்கலாம். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பியாக இருக்கலாம். நாமும் "சரி, பூட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவர்களுக்குக் கடல் பிடிக்காது என்றா அர்த்தம்? மணலில் நாலு பேர் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்க்குமே என்ற கூச்சம்தான் அவர்களை அப்படிச் சொல்ல வைக்கிறது.

எங்கள் உழவர்கரையில் ஒரு தாய். பதினொரு வயது மகனுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். "அக்கா, பாண்டில கடல் எந்தப் பக்கம்னு கேட்டா மூணு வயசுப் புள்ளகூட கையைக் காட்டும். எம்புள்ள இதுவரைக்கும் கால்ல ஒரு அலையை வாங்கினதில்ல. சின்னப் புள்ளையா இருக்கறப்ப இடுப்புல தூக்கிட்டுப் போனேன். இப்ப முப்பது கிலோ. என் இடுப்பு என்னாகும்?" என்றாள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று தேடப் போனதில் தெரிந்துகொண்ட விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணலுக்கும் சக்கரத்துக்கும் என்ன பகை?

ரவை டப்பாவில் கத்தியைக் குத்தி நிறுத்திப் பாருங்கள், சர்ரென்று உள்ளே இறங்கும். அதே ரவையின்மேல் ஒரு தட்டை வைத்தால் மேலேயே நிற்கும். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை, ஒடுக்கமானவை. உட்கார்ந்திருப்பவரின் பாரம் அந்த ஒடுக்கமான விளிம்பில் இறங்குவதால் கத்தி மாதிரி மணலுக்குள் புதைந்துவிடும். பின்னால் இருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும், நாற்காலி முன்பக்கமாகக் கவிழவும் கூடும்.

ஆகவே தீர்வு இரண்டே வகைதான். பாதையைத் தட்டு மாதிரி ஆக்க வேண்டும். அல்லது சக்கரத்தைத் தட்டு மாதிரி ஆக்க வேண்டும். பலகைப் பாதை, மணலில் பாய் போல விரித்துப் பிறகு சுருட்டி எடுத்துக்கொள்ளும் கெட்டியான செயற்கை நூல் விரிப்பு ஆகியவை முதல் வகை. பலூன் மாதிரி பருத்த டயர்கள் உள்ள கடற்கரை நாற்காலி இரண்டாவது வகை. பிரான்சில் 'திராலோ' என்ற நாற்காலி மணலிலும் உருளும், தண்ணீரிலும் மிதக்கும். கிரீஸ் தேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மணலிலிருந்து கடலுக்குள் ஒரு தண்டவாளம் போட்டு, அதில் ஓடும் இருக்கையைச் சூரிய சக்தியில் இயக்குகிறார்கள். உட்கார்ந்திருப்பவரே பொத்தானை அமுக்கி, யார் துணையும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கி, நீந்திவிட்டுத் திரும்பி வரலாம். 'யார் துணையும் இல்லாமல்' என்ற அந்த மூன்று வார்த்தைகளின் அருமை, எதற்கெடுத்தாலும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் தெரியும்.

பிரான்சில் கடற்கரைகளுக்கு 'ஹாண்டிப்ளாஜ்' என்று ஒரு தரச் சான்றும் உண்டு. எந்தக் கரையில் என்ன வசதி என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரொட்டியிலிருந்து போலீஸ் தொப்பி வரை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்ட நம் ஊர், இதையும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மெரினாவில் நடந்தது

வெளிநாட்டுக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்பவர்களுக்கு, பக்கத்திலேயே சென்னை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகள் பல வருஷங்களாக மெரினாவில் பாதை கேட்டு வந்தன. முதலில் கிடைத்தது தற்காலிகப் பாதைதான். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம் அல்லவா? அதை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் பலகையோ விரிப்போ போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். வருஷத்தில் நாலு நாள் கடல், பாக்கி நாளெல்லாம் கதவடைப்பு! ஆனால் அந்த நாலு நாளில் வந்த கூட்டமும், வயதானவர்கள் முதல் தடவையாக அலையோரம் வந்து கண் கலங்கியதும்தான் நிரந்தரப் பாதைக்கு வழி வகுத்தன.

2022 நவம்பர் 27-ல் மெரினாவில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். எதிரும் புதிருமாக இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தாலும் இடிக்காமல் போகலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி. சிமெண்ட் போடாமல் மரத்தில் கட்டியதற்கும் காரணம் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் கரையில் நிரந்தரக் கட்டடங்களைச் சுலபத்தில் அனுமதிப்பதில்லை. தவிர, கால்கள் நட்டு உயர்த்திய மரப்பாதையின் அடியில் மணல் தன் போக்கில் நகரும்.

திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்துவிட்டது. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தபோது, பாதையின் கடலோரப் பகுதி சேதமானது. 'கோடி ரூபாயைக் கடலில் போட்டார்கள்' என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை. புயலில் ரோடு பெயர்கிறது, பாலம் இடிகிறது. அதற்காக இனி ரோடே வேண்டாம் என்றா சொல்கிறோம்? பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள். மெரினாவோடு நிற்காமல் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் இதே போன்ற பாதை வந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. மரப்பாதை அலை தொடும் இடத்துக்குச் சற்று முன்பாகவே முடிந்துவிடும். அங்கிருந்து கடலைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம். காலை நனைக்க வேண்டுமானால் பலூன் சக்கர நாற்காலியும் பழகிய ஆளும் வேண்டும். இன்னொரு குறை, நம்முடையது. பாதை நன்றாக இருக்கிறதே என்று நடக்க முடிந்தவர்களும் அதிலேயே போய், நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால், பின்னால் வரும் சக்கர நாற்காலிக்காரர் எத்தனை தடவைதான் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்பார்? குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாம்தான் அவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டும்.

நம் புதுவையில்?

நம் ஊர்க் கடற்கரை விசித்திரமானது. கடற்கரைச் சாலை உண்டு, கடல் உண்டு. மணல்தான் பல வருஷம் காணாமல் போயிருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே அரித்தது. கரை இடியாமல் இருக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-ல் தண்ணீருக்குள் ஒரு செயற்கைத் தடுப்பை அமைத்ததும், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் மெல்லத் திரும்ப வந்தது. ஊரே திருவிழாப் போலப் போய்ப் பார்த்தது.

இதில் ஒரு வேடிக்கை. மணல் இல்லாத காலத்தில் எல்லோரும் ஒரே தளத்தில், கருங்கல் மேடையில் நின்று கடலைப் பார்த்தோம். காந்தி சிலையைச் சுற்றித் தட்டையான தளம். சாயங்காலம் 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவதால் ரோடு முழுக்க நடக்கிறவர்களுக்கே. சக்கர நாற்காலிக்காரருக்கு இதைவிட வசதி வேறு எங்கே? மணல் வந்ததும், நடக்கிறவர்கள் கற்களைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார்கள். இறங்க முடியாதவர்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். ஊருக்கு வந்த நன்மை எல்லோருக்கும் வர வேண்டுமானால், அதற்குத் தனியாக ஒரு சரிவு போட்டாக வேண்டும். தானாக வராது.

சின்னவீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021-ல் 'நீலக்கொடி' என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு கொடுப்பது, 33 நிபந்தனைகள். தண்ணீரின் சுத்தம், குப்பைத் தொட்டி, கழிப்பறை, உயிர்காப்பாளர் ஆகியவற்றோடு மாற்றுத்திறனாளிகளுக்கான வழியும் வசதியும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. அதே வருஷம்தான் சென்னைக்குப் பக்கத்தில் கோவளமும் இந்தச் சான்றைப் பெற்றது.

'உழவர்கரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், நாம் ஊருக்கு உள்ளே அல்லவா இருக்கிறோம்?' என்று கேட்பீர்கள். காலாப்பட்டு நம் நகராட்சியைச் சேர்ந்ததுதான். அங்கே பரந்த கடல். ஆனால் அது வெறும் உல்லாசக் கரை இல்லை. மீனவர் படகு ஏற்றுகிற இடம், வலை உலர்த்துகிற இடம், 2004 சுனாமியில் அடிபட்ட இடம். அங்கே பாதை போடுவதானால் எந்த வழியாகப் படகு வரும், எந்த மாதத்தில் கடல் எதுவரை ஏறும் என்று மீனவப் பெண்களைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம் போட்டால், முதல் மழைக்கே படகு பாதைமேல் நிற்கும், பாதை தண்ணீருக்குள் நிற்கும். மீனவக் குடும்பங்களிலும் நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கடலிலேயே பிழைத்தவருக்குக் கடைசிக் காலத்தில் கடலைப் பார்க்கக் கிடைக்காமல் போவது கொடுமை அல்லவா?

கடல் மட்டும்தான் இயற்கையா? 1826-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. பார்வை இல்லாத குழந்தைக்குக் கடலைவிடப் பூங்காவில் கிடைப்பது அதிகம் என்பது என் அபிப்பிராயம். மரப்பட்டையைத் தடவலாம், இலையைக் கசக்கி முகரலாம், காய்ந்த நெற்றை ஆட்டிச் சத்தம் கேட்கலாம். 2008-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் பறவைகள் வரும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அங்கே வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமில்லை: கரை வரை மேடு பள்ளம் இல்லாத பாதை, உட்கார்ந்தபடி பார்க்கும்போது கண்ணை மறைக்காத உயரத்தில் கைப்பிடிச் சுவர். நின்று பார்ப்பவர் கட்டும் சுவர் எப்போதும் உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேராகத்தான் வரும்!

கூட்டிக்கொண்டு போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

பாதை இல்லாத இடத்தில் கொஞ்ச தூரம் மணலைக் கடக்க வேண்டியிருந்தால், நாற்காலியை முன்னால் தள்ளாதீர்கள். திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போகும்படி பின்பக்கமாக இழுங்கள். இருவர் இருந்தால் நல்லது. பாட்டரியில் ஓடும் நாற்காலியை மணலில் இறக்கவே வேண்டாம்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே சூடு தெரியாது. கடற்கரை மணல் அவர்கள் காலைச் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் 'ஆ' என்று சொல்ல மாட்டார்கள், உணர்ச்சி இருந்தால்தானே! வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்புச் சட்டமும், காலிப்பரின் உலோகப் பட்டையும் அப்படித்தான். உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். இவர்களில் சிலருக்கு வியர்வையும் சரியாக வராது, உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். நாலரை மணிக்கு மேல் கிளம்புங்கள். ஈரத் துணியும் குடிதண்ணீரும் கையில் இருக்கட்டும். "ஒண்ணுக்குப் போக இடம் இருக்காதே" என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு, முக்கியமாகப் பெண்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே ஒரு காரணம். ஆகையால் கிளம்புமுன் கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் படுக்கைப் புண் வரும். மெத்தையான திண்டை மறக்காமல் போட்டு, அரைமணிக்கு ஒரு தடவையாவது கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, பக்கவாட்டில் சாயவோ சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு, குதிகால் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மனவளர்ச்சி, ஆட்டிசம் தொடர்பான பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கு அலைச் சத்தமும், காலில் ஒட்டும் மணலும் முதல் நாள் பெரிய தொந்தரவாக இருக்கலாம். கூட்டமில்லாத காலை வேளையில் பத்தே நிமிஷம் போய் வாருங்கள். அடுத்த வாரம் இருபது நிமிஷம். இவர்களில் பலருக்குத் தண்ணீர் என்றால் அலாதி மோகம்; கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுவார்கள். நீலச் சட்டை போடாதீர்கள், தண்ணீரில் தெரியாது. ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் போடுங்கள். உங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதி உள்பக்கம் தைத்துவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களை, ஆழம் முழங்கால் அளவுதானே என்று தனியாக விடக்கூடாது. புதுவைக் கடலில் இழுப்பு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யாராக இருந்தாலும், கையைப் பிடித்த பிடி விடாமல் காலை நனைத்துக்கொண்டு வந்தால் போதும்.

காது கேட்கும் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் நாற்காலிச் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சேருகிற இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று இரும்பை அரிப்பது நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

கேட்பது தயவு அல்ல

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி என்று மட்டும் அது பேசவில்லை. பொழுதுபோக்கு, வெளியூர் முகாம், சாகசப் பயிற்சி ஆகியவற்றில் பங்கெடுக்க வழி செய்ய வேண்டும் என்றும் 29-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், வழி வசதி செய்வதை வெறும் 'சிபாரிசு' போல வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ல் ஏற்கவில்லை. கட்டாயமான தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே, 'கடற்கரைக்குப் போவதெல்லாம் ஒரு அவசியமா?' என்று யாராவது கேட்டால், வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

ஒரு சரிவுப் பாதை போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளியூர்ச் சுற்றுலா இடம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பெரிய பலகையைப் பார்த்துவிட்டு ஆவலோடு போனார். வாசலில் எட்டு அங்குலப் படி! சரிவு என்ற பெயரில் சறுக்குமரம் கட்டி வைப்பதும் உண்டு. கணக்கு சுலபமானது: உயரம் ஒரு பங்கு என்றால் சரிவின் நீளம் 12 பங்காவது இருக்க வேண்டும். அரையடி உயரத் திண்ணைக்கு ஆறடிச் சரிவு. வாசற்படிக்கு வீட்டிலேயே பலகை போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கதவு 90 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும்.

உங்கள் தெருச் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்தால் நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதிவிடலாம். 'வசதி செய்து தரவும்' என்று பொதுப்படையாக எழுதினால் அது ஃபைலில் தூங்கும். தையல் பெட்டியில் இஞ்ச் டேப் இருக்கிறது அல்லவா? அடுத்த தடவை கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ பூங்காவுக்கோ போகும்போது அதையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீர் தெரிகிற இடம் வரை எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், நடுவில் எத்தனை அடி மணல் என்று அளந்து குறித்து, மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போக அந்த நகல் தேவைப்படும்.